பயன்பாடு: மற்றவை

படிவத்தில் பதினோராவது கட்டம்: பயன்பாடு.
குடியிருப்பு, வணிகம், மற்றவை.
மூன்றில் ஒன்றைத் தொட்டால்தான்
அடுத்த பக்கம் திறக்கும்.

ஏற்காடு ஏரியைச் சுற்றித் தெற்கே திரும்பும் சாலையில்
பனி இறங்கி வண்டியின் விளக்கைத் தின்றது.
சொத்துவரி மறுஅளவைக்கு வந்தவன் நான்,
அஸ்தம்பட்டிக்காரன், ஓய்வுக்கு ஏழு மாதம்.
இருபது கொண்டை ஊசிகளும் வயிற்றில் சுருண்டு கிடக்க
இறங்கி நின்றேன்
ஆட்டுலி துரை கட்டிய கோட்டை பங்களா முன்.

ஆட்டுலியோ ஹார்ட்லியோ,
தன் ஊர்க் கோட்டையை நினைவிலிருந்து வரைந்தானாம்.
நினைவு கொஞ்சம் குட்டை.
மதிலுக்குப் பல் வைத்தான், கடிக்க ஆளில்லை.
அகழிக்குப் பாறை இடம் கொடுக்கவில்லை.
அம்பு விட, சுவரில் சந்துகள்:
உள்ளே அகன்று வெளியே குறுக வேண்டியதைக்
கொத்தனார் திருப்பிக் கட்டிவிட்டார்.
எதிரி வரவேயில்லை.
வந்தது இலைத்துரு,
காப்பித் தோட்டத்தைக் கதவு தட்டாமல் தின்றது.

துரை போனபின் கூடத்தில் மிளகு மூட்டை.
பிறகு பர்மாவில் கால் இழந்த சிப்பாய்களுக்கு
நாற்பது கட்டில்.
பிறகு பள்ளி விடுதி. கணக்கு வராத பையன்களைக்
கோபுரத்தடி அறையில் பூட்டினார்கள்
(பதினாறேழு நூற்றிரண்டு என்று
ஆணியால் கீறியிருக்கிறது,
இன்னும் யாரும் திருத்தவில்லை).
பாக்சைட் கம்பெனி அதே அறையில் வெடிமருந்து வைத்தது.
அதே பூட்டுதானாம்.
ரேஷன் கடை. வாக்குச்சாவடி.
ஒரு பேய்ப் படத்துக்குப் பதினெட்டு நாள்:
அவர்கள் ஒட்டிவிட்டுப் போன ஒட்டடையில்
அசல் சிலந்திகள் குடியேறிவிட்டன.

இதெல்லாம் சொன்னவர் உண்ணாமலை,
பனியைத் திட்டிக்கொண்டே
மதில்மேல் காயாத மிளகை அள்ளியபடி.

"சண்டையே பார்க்காத கோட்டை" என்றேன், ஒரு பேச்சுக்கு.
முறத்தை இறக்கி வைத்தார்.

எழுபத்துமூன்று, தை மாசம்.
போனஸ் கிடையாது என்றான் மேனேஜர்.
பழம் பறிக்கும் பெண்கள் முப்பத்தாறு பேர்
கூடையோடு உள்ளே நுழைந்து
துரையின் இரும்புத் தாழைப் போட்டார்கள்.
பிறந்ததிலிருந்து அசையாத தாழ்.
எண்ணெய் ஊற்றி, நாலு பேர் தொங்கி,
அது போட்ட சத்தத்தில் குரங்குகள் ஓடினவாம்.

ஐந்து ராத்திரி. வாசலில் போலீஸ் வேன்.
"அந்தச் சந்து வெளிப்பக்கம் அகலமில்லையா,
ஆம்பளைங்க அதுல ஒண்டி நின்னா யாருக்கும் தெரியாது.
மூங்கில் குழாயைச் சொருகிக் கஞ்சி ஊத்துனாங்க.
உள்ள வாயை வச்சுக் குடிச்சோம், மாடு மாதிரி.
தப்பாக் கட்டினவன் கை நல்லா இருக்கட்டும்."

"உடைச்சுட்டாங்களா?"
"எட்டேகால் பர்சன்ட் தந்தான். நாங்கதான் திறந்தோம்.
கூடை காணோம்னு எங்கிட்ட மட்டும்
ஒரு ரூபாய் பிடிச்சான்."
அந்த ஒரு ரூபாயை
நான் எடுத்ததுபோல் பார்த்தார்.

படிவம் சுற்றிக்கொண்டே இருந்தது.
"சிக்னலா? மேல போங்க.
கோபுரம் இப்ப அதுக்குத்தான்."

படிகள் முழங்காலை எண்ணின.
உச்சியில் ஏற்கெனவே ஒரு பையன்,
தேர்வு முடிவுக்காகக் கையில் போனும்
வாயில் நகமுமாய்.
நகர்ந்து இடம் விட்டான்.
பனி ஒரு கணம் கிழிந்தது:
கீழே சேலம், கொட்டிய தீக்குச்சிகள்போல் விளக்குகள்.
படை வந்தால் இங்கிருந்து தெரியும்.
பால் வண்டி வந்துகொண்டிருந்தது.

மற்றவை என்பதைத் தொட்டேன்.
விவரம் தருக, இருபது எழுத்துக்குள், என்றது.
போனை உயர்த்திப் பிடித்து நின்றேன்,
கையில் தீப்பந்தம் இருப்பவன்போல.

"சார், உங்களுக்கு எத்தனை கோடு?"

"ஒண்ணு. உனக்கு?"